கையால் கடிப்பது

அக்கா, தம்பி டீயைத் தொடாமல் வைத்திருக்கிறான் என்று அவனைக் கோபிக்காதீர்கள். நேற்று மதியம் கிளிப் போட்டார்கள் என்றால் வலி உச்சத்துக்கு வருகிற நேரமே இதுதான். கம்பி மாட்டியதும் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் வெளியே வருவார்கள், வழியில் ஒரு பன்னோ வடையோ கூடச் சாப்பிடுவார்கள். ராத்திரி சாப்பிட உட்காரும்போதுதான் ஆரம்பிக்கும். மறுநாள் அதிகமாகி, மூன்றாம் நாளிலிருந்து இறங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். இந்தக் கணக்கு தெரியாததால்தான் பல வீடுகளில் இரண்டாம் நாள், “ஏதோ தப்பாகப் போட்டுவிட்டார்கள், கழற்றிவிடச் சொல்லலாமா” என்ற பேச்சு வருகிறது. தப்பு ஒன்றும் இல்லை. வேலை தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

பல்லும் தாடை எலும்பும் நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி, அதில் நுண்ணிய நார்கள். கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்திருப்பதுபோல் பல் அந்த நார்களின் மேல் தாங்கி நிற்கிறது. கம்பி ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கத்து நார்கள் நசுங்குகின்றன. ரத்த ஓட்டம் குறைந்து, வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் ரசாயனங்கள் சுரக்கின்றன. இரண்டு மூன்று நாளில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் அங்கே வந்து சேர்ந்து பல்லுக்கு வழி விடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு ஊறுகிறது. இப்படித்தான் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். இன்று அவனுக்கு இட்லியைக் கடித்தாலும் வலிக்கிறது என்றால், இட்லி கெட்டியாக இருப்பதால் அல்ல. நசுங்கிய நாரின் மேல் எது பட்டாலும் வலிக்கும்.

வலி தாங்கவில்லை என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் பாராசிட்டமால் போதும். கடையில் கேட்டு வாங்குகிற மற்ற வலி மாத்திரைகளை நாள்கணக்கில் தொடர வேண்டாம். அவற்றில் சில, பல் நகர்வதற்குத் தேவையான அதே ரசாயனத்தைத்தான் அடக்குகின்றன.

இப்போது டீக்கு வருகிறேன். தம்பி டீயைக் குடிக்கலாம், ஆனால் நன்றாக ஆறட்டும். காரணம் அவன் வாயில் இருக்கும் கம்பி. ஆரம்பத்தில் போடும் மெல்லிய கம்பி பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணைக்கு உலோகம் தேடும்போது கிடைத்தது அது. 1961-இல் ஒரு கூட்டத்தில், பல மடிப்பாக மடித்த அந்தத் தகட்டை ஒவ்வொருவராகக் கைமாற்றி வளைத்துப் பார்த்தார்கள். டேவிட் மஸ்ஸி என்பவர் தன் புகைக்குழாய் லைட்டரின் சுடரை அதன் அருகே கொண்டுபோனார். மடிப்பெல்லாம் தானாக விரிந்து தகடு நேராகிவிட்டது. சூடு பட்டால் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகம்! பத்து ஆண்டு கழித்து அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். கோணலான பல்வரிசைக்கு ஏற்றபடி வளைத்துக் கட்டினாலும், உடம்புச் சூட்டில் அது தன் வளைவுக்கே திரும்பப் பார்க்கும். திரும்பும்போது பல்லையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே கொதிக்கக் கொதிக்க டீ உள்ளே போனால் கம்பி கொஞ்ச நேரம் இன்னும் விறைக்கும். சில்லென்று மோர் குடித்தால் கொஞ்ச நேரம் தளரும், வலியும் தளரும். பானைத் தண்ணீரோ குளிர்ந்த நீர்மோரோ முதல் மூன்று நாளைக்கு நல்ல மருந்து. ஐஸ் கட்டியை மட்டும் கடிக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி அச்சடித்த ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், பாருங்கள். ஆப்பிளைக் கடிக்காதே, பாப்கார்ன் தின்னாதே, பீட்சாவின் ஓரத்தை விடு. உங்கள் வெள்ளிமலையில் யார் தினமும் பீட்சா சாப்பிடுகிறார்கள்? அந்தப் பட்டியல் வேறு ஊர்த் தட்டைப் பார்த்து எழுதியது. நம் தட்டைப் பார்த்தால் பயப்படுவதற்கு அவ்வளவு இல்லை என்பேன்.

நாம் சாப்பிடும் விதத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள். இட்லியை யாராவது முழுசாக எடுத்து முன்பல்லால் கடிக்கிறோமா? தோசையைக் கை பிய்க்கிறது. சோற்றைக் கை பிசைகிறது. உருளைக்கிழங்கைக் கை நசுக்கிக் குழம்போடு சேர்க்கிறது. மீனில் முள்ளைக் கை எடுக்கிறது. முன்பல்லின் வேலையில் பாதிக்கு மேல் நம் விரல்களே முடித்துவிடுகின்றன, வாய்க்குள் போவது கடைவாய்க்கு உரிய கவளம். கிளிப் போட்டவனிடம் டாக்டர் கேட்பதும் இதைத்தான்: முன்பல்லால் கடிக்காதே, சிறிதாக்கிக் கடைவாயில் வை. முள்கரண்டியும் சாண்ட்விச்சுமாக வளர்ந்த பிள்ளை புதிதாகக் கற்க வேண்டியதை உங்கள் பிள்ளை மூன்று வயதிலேயே கற்றுவிட்டான். இனி அந்தப் பழக்கத்தை இதுவரை கடித்துத் தின்ற பண்டங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். கொய்யாவைக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக்க வேண்டும். கோழித் தொடையை எலும்போடு கடிக்காமல் சதையை விரலால் உரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நாட்டுக்கோழி என்றால் இன்னும் ஒரு விசில் கூட விடுங்கள்.

முதல் மூன்று நாளுக்கு என்ன கொடுப்பது? உங்கள் வீட்டில் கேழ்வரகு இருக்கிறதே, அதைவிட வேறென்ன வேண்டும். களியை நாம் மெல்லுவதே இல்லை. குழம்பில் தொட்டு உருட்டி விழுங்குகிறோம். பல்லுக்கு வேலையே வைக்காமல் வயிற்றை நிறைக்கும் சாப்பாடு அதுபோல் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. கூழாகக் கரைத்து மோர் விட்டுக் கொடுத்தால் சில்லென்றும் இருக்கும். சாமையைச் சோறாக வடிக்காமல் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். உதிரியான சாமைச் சோறு பொடிப்பொடியாகப் போய், பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுக்கும் அதில் மாட்டிய கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், தினையும் அப்படித்தான். கஞ்சி என்றால் அந்தத் தொல்லை குறைவு. மரவள்ளிக் கிழங்கை நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, நடு நாரை எடுத்துவிட்டு மசித்துக் கொடுக்கலாம். சின்னசேலம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் ஜவ்வரிசியைப் பாலில் கஞ்சி காய்ச்சலாம். பருப்பும் கீரையும் மத்தால் கடைந்தது, குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, பப்பாளி, வாழைப்பழம், நுங்கு, இளநீர் வழுக்கை.

முட்டையை மட்டும் மறந்துவிடாதீர்கள். வளர்கிற வயதில் ஒரு வாரம் வெறும் கஞ்சியோடு விட்டால் பிள்ளை வாடிவிடுவான். அவித்த முட்டையை நசுக்கிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். பள்ளிச் சத்துணவில் வரும் முட்டையும் சாப்பிடலாம், கையால் பிட்டு. காரத்தை இந்த வாரம் குறைத்துவிடுங்கள். உதட்டின் உள்பக்கம் பிராக்கெட் உரசிப் புண்ணாகும்போது மிளகாய் பட்டால் பாவம், கண்ணில் தண்ணீர் வரும்.

ஆனால் இந்தக் கஞ்சிக் காலத்தை நீட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாசத்தில் தாய்மார் செய்கிற தவறு இதுதான். மாதக்கணக்கில் அரைத்தும் கரைத்தும் கொடுக்கிறார்கள். இரண்டாவது வாரத்தில் அவன் சாதாரணச் சோறு, குழம்பு, வெந்த பொரியல், சப்பாத்தி எல்லாம் மென்று சாப்பிட வேண்டும். ஈறுக்கும் எலும்புக்கும் மெல்லுவது நல்லது. பரோட்டாவே வேண்டுமென்றால் சின்னதாகப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிடட்டும். இழுத்து மெல்லுகிற சமாசாரம் மட்டும் வேண்டாம்.

எதைத் தின்றால் பிராக்கெட் பெயரும் என்பதற்குப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால் போதும். பழைய காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஓர் உலோகப் பட்டை மாட்டுவார்கள். 1955-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்தில் மைக்கேல் புவனகோர் என்ற பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் பல் எனாமலில் தடவிக் கழுவினால் எனாமல் நுண்ணிய சொரசொரப்பாகி, பசை நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டார். பெயின்ட் ஒட்டுவதற்கு உலோகத்தை அமிலத்தால் தயார்செய்யும் தொழிற்சாலை முறையிலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. தம்பிக்கு நேற்றுச் செய்ததும் அதே முறைதான், அமிலத்தின் கடுமை மட்டும் இப்போது குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிடி அளவாகத்தான் இருக்கும். ஒன்றரை இரண்டு வருடம் கழித்து எனாமலைப் பெயர்க்காமல் கழற்ற வேண்டுமே. இவ்வளவு பிடி போதும் என்று 1975-இல் ரெனால்ட்ஸ் என்பவர் சொன்ன அளவை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தச் சின்ன அடிப்பரப்புக்கு அது ஏறக்குறைய 6 முதல் 8 கிலோ இழுப்பு. சோறு, இட்லி, வெந்த காய் எதுவும் அந்தப் பக்கமே போகாது. முறுக்கைக் கடிக்கும்போது முன்பல் கொடுக்கிற விசை சாதாரணமாக அதைத் தாண்டும். அந்த விசை பல்லின் விளிம்பில் இறங்காமல் பிராக்கெட்டின் ஓரத்தில் பட்டால் பிடி விட்டுப்போகும். ஆக, கடிக்கும்போது சத்தம் வருகிற எதுவும் வேண்டாம்: முறுக்கு, தட்டை, பருப்பு வடையின் மொறுமொறுப்பு ஓரம், வறுத்த கடலை, தேங்காய்ச் சில்லு, பாக்கு. பல்லோடு ஒட்டி இழுக்கிற எதுவும் வேண்டாம்: கமர்கட், கடலை மிட்டாய், சவ்வு மிட்டாய். இந்த இரண்டு குணமும் சேர்ந்தது கமர்கட். பள்ளிக்கூட வாசலில் அதை விற்கிறவரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் தம்பி அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். வேகவைத்த கடலை சாப்பிடலாம். நன்கு வெந்த சுண்டலும் சாப்பிடலாம். டீயில் முழுதாக நனைத்த பொறையும் பரவாயில்லை.

நம் மாவட்டத்தில் கஷ்டமானது இரண்டு பயிர். மக்காச்சோளமும் கரும்பும். சுட்ட சோளக் கதிரை வாயில் வைத்துக் கடிப்பது கிளிப்புக்கு எமன். வேகவைத்து, மணியைக் கையால் உதிர்த்துக் கடைவாயில் போட்டுக்கொண்டால் சரி. கரும்புக்கு அப்படி ஒரு வழி கிடையாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலை ஓடுகிற ஊரில், லாரியிலிருந்து ஒரு கழியை உருவிப் பல்லால் தோலுரித்துத் தின்னாத பிள்ளை உண்டா? தெரிந்தே சொல்கிறேன், கிளிப் இருக்கும்வரை கரும்பு கூடாது. துண்டாக வெட்டிக் கொடுத்தாலும் சக்கை நார் கம்பியில் சுற்றிக்கொள்ளும். பொங்கலுக்கு அவனுக்குச் சாறாகப் பிழிந்து கொடுங்கள், குடித்த கையோடு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். முருங்கைக்காயும் இதே நார் விவகாரம்தான். பல்லால் இழுக்காமல், பிளந்து உள்சதையை விரலால் வழித்துப் போட்டுக்கொள்ளலாம். மலையில் பலாப்பழக் காலம் வரும்போது சுளையைப் பொடியாக நறுக்குங்கள். மாங்கொட்டையைச் சப்புவதை ஒத்திவைக்க வேண்டியதுதான்.

பல்லில் பழுப்புத் திட்டு இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. தருமபுரி, சேலம் பக்கத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து அப்படி ஆனவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த எனாமலை அமிலம் எளிதில் சொரசொரப்பாக்குவதில்லை, பிராக்கெட் அடிக்கடி விழும். அப்படி இருந்தால் பிள்ளை ஏதோ தின்றுவிட்டான் என்று திட்டாதீர்கள்.

இந்த ரப்பர் வளையங்களைப் பார்த்தீர்களா, பிராக்கெட்டில் கம்பியைப் பிடித்துவைப்பவை? வெளியே தெரியக் கூடாது என்று நிறமில்லாததைக் கேட்டு வாங்குகிறார்கள். நம் சமையலில் மஞ்சள்தூள் இல்லாத குழம்பு ஏது? சில நாளிலேயே மஞ்சளாகிவிடும், பல் துலக்கவில்லையோ என்று பார்ப்பவர் நினைப்பார்கள். அடுத்த முறை சாம்பல் நிறமோ நீலமோ கேளுங்கள்.

சாப்பாட்டைவிட எனக்குக் கவலை, சாப்பிட்ட பிறகு நடப்பதில்தான். பிராக்கெட் உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம், எனாமல் கரைந்தால் பழையபடி வராது. பிராக்கெட்டைச் சுற்றி மாவும் இனிப்பும் தங்கும்போது கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. துலக்காமல் விட்டால் ஒரே மாதத்தில் வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பிக்கலாம். கிளிப்பைக் கழற்றும் நாளில் பல் நேராக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பல்லிலும் சதுரமாக ஒரு தழும்பு இருக்கும். இரண்டு வருடம் பொறுத்திருந்த பிள்ளைக்கு அப்படி ஒரு கண்ணாடி காட்டக் கூடாது, அக்கா. ஆகவே இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்று பாருங்கள். சர்க்கரை போட்ட டீயை நாள் முழுக்க வாய் வாயாக உறிஞ்சுவது, ஒரே தடவை சாப்பாட்டோடு பாயசம் குடிப்பதைவிடக் கெடுதல். சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பது நம் வீடுகளில் இருக்கிற பழக்கம்தான், அதை இன்னும் பலமாகச் செய்யட்டும். காலையிலும் படுக்கும் முன்பும் புளோரைடு பேஸ்ட் போட்டு, பிராக்கெட்டின் மேலும் கீழும் தனித்தனியாகத் துலக்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கும். வேப்பங்குச்சியும் உமிக்கரியும் இப்போதைக்கு வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். உரசுகிற பிராக்கெட்டின் மேல் டாக்டர் கொடுத்த மெழுகைக் கிள்ளி உருட்டி, அந்த இடத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு அழுத்திவையுங்கள். சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிட்டுப் பிறகு புதிதாக வைக்கலாம். கன்னம் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

நீங்கள் மலை இறங்கி, பஸ் மாறி வருகிறவர்கள். ஒரு பிராக்கெட் பெயர்ந்தால் உங்களுக்கு ஒரு நாள் கூலி போகும், அவனுக்கு ஒரு நாள் பள்ளி போகும். பெயர்ந்தது கம்பியிலேயே தொங்கினால் அப்படியே விட்டு, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது ஒட்டினால் போதுமா, உடனே வர வேண்டுமா என்று அவர் சொல்வார். கம்பி நுனி கன்னத்தைக் குத்தினால் மெழுகு வையுங்கள். வீட்டுக் குறடால் வெட்டப் பார்க்காதீர்கள், துண்டு தொண்டைக்குள் போய்விடும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கம்பியைச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமையாகக் கேட்டு வாங்குங்கள். வலி கூடுகிற மறுநாள் சனிக்கிழமையாக இருக்கும்.

“எங்க காலத்தில யார் கிளிப் போட்டா?” என்று உங்கள் மாமியார் கேட்டதாகச் சொன்னீர்களே, அது நல்ல கேள்வி. மானுடவியல் ஆய்வாளர் ராபர்ட் கொருச்சினி குழுவினர் வட இந்தியாவில் கிராமத்து, நகரத்து இளைஞர்களின் பல்வரிசையை ஒப்பிட்டு 1983-இல் எழுதினார்கள். நகரத்தில்தான் கோணல் அதிகம். பிள்ளைப் பருவத்தில் கடினமானதை மெல்லாவிட்டால் தாடை போதிய அளவு வளர்வதில்லை, பல்லுக்கு இடம் பத்துவதில்லை என்பது அவருடைய வாதம். பரம்பரையும் இருக்கிறது, விரல் சூப்புவதும் இருக்கிறது, எல்லாவற்றையும் சாப்பாட்டின் தலையில் போட முடியாது. ஆனாலும் உங்கள் சின்னவளுக்கு இப்போதே வெறும் பிஸ்கட்டும் நூடுல்ஸுமாகக் கொடுக்காமல், கம்பும் கிழங்கும் கொய்யாவும் நன்றாக மென்று தின்னப் பழக்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அவளுக்குப் பல்லில் ஒன்றும் ஒட்டவில்லை, அவள் கடிக்கட்டும்.

தம்பிக்குக் கிளிப் கழற்றிய பிறகும் ஒன்று பாக்கி இருக்கும். பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்க ரீடெய்னர் கொடுப்பார்கள். கழற்றி மாட்டும் வகை என்றால் சாப்பிடும்போது எடுத்துவைக்க வேண்டும். கல்யாண வீட்டில் பிள்ளைகள் அதை இலை ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள், பந்தி முடிந்ததும் இலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் எச்சில் இலைக் குவியலில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மறுபடி அளவெடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்று கொடுக்கிற டப்பாவைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கப் பழக்குங்கள்.